மாத்திரை போட்டாச்சா? – ஆங்கிலச் சொற்களை ஜோடியோடு பழகுவது

திருச்சியில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் ஒரு சின்ன ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். நர்சிங் முடித்துவிட்டு, வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் பெண்கள் சிலர் வருவார்கள். ஒரு நாள் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, ஒருவர் நர்ஸ், மற்றவர் நோயாளி என்று வைத்துக்கொண்டு பேசச் சொன்னேன். நர்ஸ் கேட்டார்: 'டிட் யூ ஈட் தி டேப்லெட்?' நோயாளி தலையாட்டிக்கொண்டே சொன்னார்: 'யெஸ் சிஸ்டர், ஐ ஏட்.'

கிராமரில் ஒரு குறையும் இல்லை. கேள்வி சரியாகத் தொடங்கியது, காலம் சரி, சொற்களின் வரிசை சரி. ஆனால் இங்கிலாந்தில் ஒரு வார்டில் இப்படிக் கேட்டால் நோயாளி ஒரு கணம் முழிப்பார். அவர்கள் மாத்திரையைச் சாப்பிடுவதில்லை; எடுத்துக்கொள்கிறார்கள். 'ஹேவ் யூ டேக்கன் யுவர் டேப்லெட்ஸ்?' என்பதுதான் அங்கே நர்ஸ் கேட்கும் கேள்வி. இதைச் சொன்னதும் அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நிமிர்ந்து கேட்டார்: "டேக்குன்னா எடுக்கிறதுதானே மேம்? டப்பாவில இருந்து கையில எடுத்தீங்களான்னு கேட்ட மாதிரி ஆயிடாதா?"

நல்ல கேள்வி. ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் பேச வரவில்லையே என்று வருந்துகிற எல்லோருக்கும் உள்ள சிக்கல் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

தமிழில் நாம் மாத்திரையை என்ன செய்கிறோம்? போடுகிறோம். "மாத்திரை போட்டாச்சா?" என்றுதான் வீட்டில் அப்பாவையோ பாட்டியையோ கேட்கிறோம். தமிழை இப்போதுதான் கற்கத் தொடங்கிய ஓர் ஆங்கிலேயர் இதைக் கேட்டால், எங்கே போட்டார்கள், தரையிலா, குப்பைத்தொட்டியிலா என்று குழம்பத்தானே செய்வார்? நமக்கு அந்தக் குழப்பம் வருவதே இல்லை. 'மாத்திரை', 'போடு' என்று இரண்டு சொற்களை நாம் தனித்தனியாகக் கேட்பதில்லை. 'மாத்திரை போடு' என்பது நமக்கு ஒரே பொருளாகத்தான் காதில் விழுகிறது.

இந்தப் 'போடு' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்து வகுப்பில் அரைமணி நேரம் பேசினோம். டீ போடுகிறோம். சட்டை போடுகிறோம். வாசலில் கோலம் போடுகிறோம். கணக்குப் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். ஊசி போடுகிறோம், கட்டுப் போடுகிறோம். சண்டை போடுகிறோம், சத்தம் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம். கோழிகூட முட்டை போடுகிறது. இதில் எதிலாவது கையில் இருப்பதைக் கீழே போடுகிற அந்த முதல் அர்த்தம் மிச்சம் இருக்கிறதா? இல்லை. பக்கத்தில் வரும் சொல்தான் 'போடு' என்ன வேலை செய்கிறது என்று முடிவு செய்கிறது.

இதையே ஆங்கிலத்தில் சொல்லிப்பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புதிய வினை வந்து நிற்கும். டீ என்றால் 'மேக்'. சட்டை என்றால் 'புட் ஆன்'. கோலம் என்றால் 'டிரா'. கணக்கு என்றால் 'டூ'. கையெழுத்துக்கு 'சைன்' என்ற ஒற்றைச் சொல்லே போதும். ஊசி என்றால் 'கிவ்'. சத்தம் என்றால் 'மேக்'. முட்டை என்றால் 'லே'. ஓட்டுக்கு 'காஸ்ட் எ வோட்' என்று ஒரு ஜோடி உண்டு. 'காஸ்ட்' என்பதன் பழைய பொருள் எறிவது. அதை அப்படியே தமிழாக்கி ஒருவர் "நேற்று ஓட்டு எறிந்தேன்" என்று நம்மிடம் சொன்னால் எப்படி இருக்கும்? 'ஐ ஏட் தி டேப்லெட்' அவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறது. விஷயம் புரிந்துவிடும். ஆனால் பேச்சு ஒரு நொடி தடுக்கும்.

இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்பார்கள். வகுப்பில் நான் சொல் ஜோடி என்று சொல்வது வழக்கம். இரண்டு சொல் கணவன் மனைவி மாதிரி எப்போதும் சேர்ந்தே தென்படும். ஏன் அந்த இரண்டும் சேர்ந்தன என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் கிடைக்காது. பல தலைமுறையாக அப்படிப் பேசிவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு சொல்லின் பொருளை அறிய அது யாரோடு பழகுகிறது என்று பாருங்கள் என்ற கருத்தை மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேயர். 1957-இல் வெளியான ஒரு கட்டுரையில் அதை ஒற்றை வரியில் சொன்னார்; இன்றுவரை அந்த வரி மேற்கோள் காட்டப்படுகிறது. இந்த ஃபர்த் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1934-இல் தமிழ் ஒலிப்பைப் பற்றியும் ஒரு சிறு விளக்கம் எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால், ஹெரால்ட் பாமர் என்ற ஆசிரியர் டோக்கியோவில் ஜப்பானிய மாணவர்களுக்காக ஆங்கிலச் சொல் ஜோடிகளைத் தேடித் தொகுத்து 1933-இல் ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்.

லாகூர், டோக்கியோ. ஆங்கிலத்தை வேறு மொழிக்காரர்கள் தட்டுத்தடுமாறிப் பேசுவதைத் தினமும் கேட்டவர்கள் இவர்கள். லண்டனில் பிறந்து அங்கேயே வளர்ந்தவருக்கு 'டேக் எ டேப்லெட்' என்பதில் கவனிக்க எதுவும் இல்லை, நமக்கு 'மாத்திரை போடு' என்பதில் எதுவும் தெரியாத மாதிரி. எதிரே ஒருவர் அதை வேறு மாதிரி சொல்லும்போதுதான், அட, நாம் இதை இப்படியா சொல்கிறோம் என்று உறைக்கிறது.

ஃபர்த்திடம் படித்த ஹாலிடே என்ற மொழியியலாளர் 1960-களில் ஒரு தேநீர் உதாரணம் சொன்னார். ஆங்கிலத்தில் டீ 'ஸ்ட்ராங்'காக இருக்கும், 'பவர்ஃபுல்'லாக இருக்காது. 'ஸ்ட்ராங்', 'பவர்ஃபுல்' இரண்டுக்கும் டிக்‌ஷனரியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் போட்டிருப்பார்கள். ஆனாலும் டீ ஒன்றோடுதான் சேரும். நம் டீக்கடையிலும் "ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்றுதானே கேட்கிறோம்? அந்த ஜோடி கடல் தாண்டி அப்படியே நம் தெருவுக்கு வந்துவிட்டது.

சில ஜோடிகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். நமக்குக் கனமழை, அவர்களுக்கு 'ஹெவி ரெய்ன்'. நமக்குப் பலத்த காற்று, அவர்களுக்கு 'ஸ்ட்ராங் விண்ட்'. ஆழ்ந்த உறக்கம், 'டீப் ஸ்லீப்'. மீனையும் பிடிக்கிறோம், பஸ்ஸையும் பிடிக்கிறோம். அவர்களும் இரண்டையும் 'கேட்ச்' செய்கிறார்கள். இவற்றை முதலில் பழகிக்கொள்ளுங்கள். தெரிந்ததையே இன்னொரு மொழியில் சொல்வதால் நாக்கு தயங்காது.

இனி தினப்படிப் பேச்சுக்கு வருவோம். 1930-இல் சி. கே. ஆக்டன் என்பவர் 850 சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எதையும் சொல்லிவிடலாம் என்று 'பேசிக் இங்கிலீஷ்' என்ற ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதில் வினைச்சொற்கள் மொத்தமே 18. கம், கோ, கெட், கிவ், டேக், புட், மேக், கீப், லெட், டூ, ஹேவ், பீ என்று எல்லாம் குட்டிச் சொற்கள். அவர் திட்டம் பெரிதாகப் பரவவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் நமக்கு ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் பெரும்பகுதி வேலையை இந்தக் குட்டி வினைகளே செய்கின்றன. பத்தாம் வகுப்பு படித்த யாருக்கும் இவை தெரியும். தெரியாதது, இவை எதோடு சேரும் என்பது. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும். மூன்றும் சேர்ந்து 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் 'ஹேவ்'. நம் பள்ளிக்கூடத்தில் இதற்கு 'வைத்திருக்கிறேன்' என்ற ஒரே பொருளைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் பேனா வைத்திருக்கவும் புத்தகம் வைத்திருக்கவும் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் காலைச் சாப்பாடு 'ஹேவ்', காபி 'ஹேவ்', குளியல் 'ஹேவ்', பேச்சு 'ஹேவ்', கனவு 'ஹேவ்', வாக்குவாதம் 'ஹேவ்'. நாம் கனவு காண்கிறோம். அவர்களுக்கு அது 'ஐ ஹேட் எ ட்ரீம்'.

நர்சிங் பெண்களுக்கு இதில் இன்றியமையாத பகுதி வலி. "தலை வலிக்குது" என்பதை 'மை ஹெட் இஸ் பெய்னிங்' என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். தமிழில் தலைதான் எழுவாய், வலிப்பது அதன் வேலை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அந்த மனிதர்தான் எழுவாய்; வலி அவரிடம் இருக்கும் ஒரு பொருள். 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்.' பல், காது, வயிறு, முதுகு எல்லாவற்றுக்கும் 'ஏக்' ஒட்டிக்கொள்ளும்: 'டூத்ஏக்', 'இயர்ஏக்', 'ஸ்டமக்ஏக்', 'பேக்ஏக்'. முழங்கால், நெஞ்சு போன்றவற்றுக்கு 'நீ பெயின்', 'செஸ்ட் பெயின்' என்று மாறும். தொண்டை வலிக்கு இரண்டும் வராது, 'சோர் த்ரோட்'. காய்ச்சலுக்கு 'டெம்பரேச்சர்' என்பார்கள். 'ஷீ ஹேஸ் எ டெம்பரேச்சர்' என்று இங்கிலாந்தில் ஒரு தாய் சொன்னால், பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று பொருள். 'டெம்பரேச்சர்' என்றால் வெப்பநிலை என்று மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு, எல்லோருக்கும்தானே வெப்பநிலை இருக்கிறது என்று தோன்றும்.

'மேக்', 'டூ' இரண்டும் தமிழில் 'செய்' என்றே வருவதால் இங்கே தடுமாற்றம் அதிகம். ஒரு பிடி உண்டு. வேலை முடிந்ததும் ஏதோ ஒன்று புதிதாகக் கிடைத்தால் 'மேக்': டீ, சத்தம், தவறு, திட்டம், போன் அழைப்பு. இருக்கிற ஒரு வேலையைச் செய்து முடித்தால் 'டூ': வீட்டுப்பாடம், பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போய் வருவது. இந்தப் பிடி பாதி வழிக்கு வரும். 'மேக் தி பெட்' என்றால் தச்சர் கட்டில் செய்வதில்லை, காலையில் எழுந்ததும் படுக்கையை உதறிச் சரிசெய்வது. மீதி வழியைப் பழக்கத்தால்தான் கடக்க வேண்டும்.

'கெட்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதவர் குறைவு. டிக்‌ஷனரியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் போகும். நான் வகுப்பில் ஒரு தமிழ் வழி சொல்லிக்கொடுக்கிறேன். நாம் 'ஆச்சு', 'போச்சு' என்று சொல்லும் இடங்களை நினைத்துப்பாருங்கள். இருட்டாச்சு, 'இட் காட் டார்க்'. கல்யாணம் ஆச்சு, 'ஷீ காட் மேரீட்'. துணி நனைஞ்சு போச்சு, 'தி க்ளோத்ஸ் காட் வெட்'. காணாமல் போச்சு, 'இட் காட் லாஸ்ட்'. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைச் சொல்லும் இந்த இரண்டு குட்டிச் சொற்களையும் நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! 'கெட்' பல இடங்களில் அதே வேலையைத்தான் செய்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் இதைப் புரிந்துகொண்ட பிறகு மாணவர்கள் 'கெட்'டைத் தைரியமாகத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் ஏறி இறங்குவதும் 'கெட்' தான். 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. நாம் பழகியிருப்பது 'கெட் டவுன்'. காருக்கும் ஆட்டோவுக்கும் 'கெட் இன்', 'கெட் அவுட்'. எது எதற்கு என்று நினைவு வைக்க எளிய வழி: உள்ளே எழுந்து நின்று நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன், ஆஃப். பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து உள்ளே போய் உட்கார மட்டுமே முடியும் என்றால் இன், அவுட்.

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு மூன்று சொற்களின் சேர்க்கை. முழு வாக்கியமே ஒரே சொல் மாதிரி இயங்கும் இடங்களும் உண்டு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் "போயிட்டு வரேன்" என்கிறோம். 'போறேன்' என்று சொன்னால் பாட்டி திட்டுவார். இதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், எங்கே போகிறார், எப்போது வருவார் என்று எதிரே இருப்பவர் காத்துக்கொண்டிருப்பார். 'சீ யூ' அல்லது 'பை, டேக் கேர்' என்றால் போதும். அதேபோல 'ஹவ் ஆர் யூ?' என்று கேட்டால் உடம்பின் நிலவரம் முழுவதையும் சொல்லத் தொடங்கக் கூடாது. 'ஃபைன், தேங்க்ஸ். ஹவ் ஆர் யூ?' என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. நாம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும்போது என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளவா கேட்கிறோம்? பெரும்பாலும் அது அன்புக்கான ஒரு வார்த்தை.

மரியாதையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். என் மாணவிகள் யாரும் மரியாதை இல்லாதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் ஆங்கிலம் பேசும்போது அதிகாரத் தொனி வந்துவிடுகிறது. 'சிட் ஹியர்.' 'கிவ் மீ யுவர் ஹேண்ட்.' 'வெயிட்.' இதற்குக் காரணத்தைத் தேடினால் 'ங்க' வில் போய் நிற்கும். தமிழில் "இங்க உட்காருங்க" என்று சொன்னாலே மரியாதை வந்துவிடுகிறது. அந்த ஒரு எழுத்துக்கூட்டம் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது. "கையைக் கொஞ்சம் குடுங்க" என்றால் 'கொஞ்சம்' வேறு கூடுதலாகக் கெஞ்சுகிறது. கையில் கொஞ்சத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆங்கில வினைக்கு 'ங்க' கிடையாது. 'யூ' என்பதும் நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒன்றே. அப்படியானால் மரியாதை எங்கே போகிறது? வாக்கியத்தின் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

'குட் யூ சிட் ஹியர், ப்ளீஸ்?' 'குட் ஐ சீ யுவர் ஹேண்ட்?' 'வுட் யூ மைண்ட் வெயிட்டிங் எ மினிட்?' கட்டளையைக் கேள்வியாக மாற்றிக் கேட்பதுதான் அங்கே 'ங்க'. இந்த மூன்று தொடக்கங்களை, 'குட் யூ', 'குட் ஐ', 'வுட் யூ மைண்ட்', நாக்கில் ஏற்றிக்கொண்டால் பாதி மரியாதை வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: 'வுட் யூ மைண்ட்' என்றால் 'உங்களுக்குச் சிரமமா?' என்று கேட்பது. அதனால் சம்மதம் சொல்ல 'நோ, நாட் அட் ஆல்' என்று மறுக்க வேண்டும். 'யெஸ்' என்று சொல்லிவிட்டால், ஆமாம், எனக்குச் சிரமம்தான் என்று ஆகிவிடும்.

நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பள்ளிக்கூடமே போகாத என் பாட்டிகூட கரண்ட், பஸ், டிக்கெட், டாக்டர், ஆபரேஷன் என்று நூறு சொற்களாவது பேசுவார். அது பெரிய சேமிப்பு. ஆனால் சில சொற்கள் நம் ஊருக்கு வந்தபின் வேறு வேலைக்குப் போய்விட்டன. கரண்ட் போனால் ஆங்கிலத்தில் 'பவர்' போகிறது. சாப்பிடப் போகும் ஹோட்டல் அங்கே 'ரெஸ்டாரண்ட்', 'ஹோட்டல்' தங்குவதற்கு. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று வகுப்பில் கை தூக்கினால், நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை என்று அர்த்தமாகும். 'ஐ ஹேவ் எ க்வெஸ்சன்' என்றே கேட்கலாம். கல்லூரி முடித்ததை 'பாஸ்டு அவுட்' என்று சொன்னால் மயங்கி விழுந்தார் என்று நினைப்பார்கள். நர்ஸ் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் கட்டாயம் அப்படித்தான் நினைப்பார்கள். 'ரைட் அன் எக்ஸாம்' என்பதும் நம் பரீட்சை எழுதுதலின் நேர்ப்பிரதி. இங்கிலாந்தில் பரீட்சையை 'டேக்' செய்வார்கள், அல்லது அதற்கு 'சிட்' செய்வார்கள்.

இதையெல்லாம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு அலுவலகத்தில் 'ரைட் அன் எக்ஸாம்' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அது இந்தியாவின் ஆங்கிலம். யாரோடு பேசப் போகிறோம் என்பதைப் பொறுத்து எந்த ஜோடியை எடுப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

சரி, எப்படிப் படிப்பது? எத்தனை சொல் வேண்டும் என்று முதல் நாளே கேட்பார்கள். டாக்காவில் பல வருடம் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர், 1953-இல் ஏறக்குறைய 2000 சொற்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்தில் சுமார் 80 சதவீதம் அந்தப் பட்டியலுக்குள்ளேயே அடங்கிவிடும் என்று கணக்கிடுகிறார்கள். பன்னிரண்டு வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்த ஒருவருக்கு அந்த 2000-இல் பெரும்பாலானவை பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதனால் புதிய சொற்களைத் தேடி ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, தெரிந்த சொற்களுக்கு ஜோடி தேடுங்கள் என்பதே என் யோசனை.

நோட்டை மாற்றினால் போதும். வழக்கமாக நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் 'டிசிஷன்', வலப்பக்கம் 'முடிவு' என்று எழுதுவோம். அந்தக் கோட்டை அழித்துவிடுங்கள். 'மேக் எ டிசிஷன்' என்று ஜோடியாக எழுதுங்கள். கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு உண்மையான வாக்கியம் எழுதுங்கள். மாத்திரைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: மேலே 'மேக் எ டிசிஷன்'. அடுத்த வரியில் 'மை பேரண்ட்ஸ் ஹேவ் நாட் மேட் எ டிசிஷன் அபவுட் மை விசா' என்று அவர் வீட்டில் நடந்துகொண்டிருந்த பேச்சு. அதற்குக் கீழே தமிழில், 'முடிவு எடு. ஆனா டேக் இல்ல, மேக்' என்று ஒரு குறிப்பு. அந்தச் சொல்லை அவர் இனி மறக்க மாட்டார். ('டேக் எ டிசிஷன்' என்று சொல்பவர்களும் இங்கிலாந்தில் உண்டு. 'மேக்' எங்கேயும் செல்லும் என்பதால் அதையே பழகச் சொன்னேன்.)

மறதியைப் பற்றி ஜெர்மனியில் எபிங்ஹவுஸ் என்பவர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் ஒரு நூல் எழுதினார். பொருளே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, மீதி மெதுவாகப் போகிறது என்று கண்டார். ஒரே நாளில் நூறு முறை சொல்வதைவிட, சில நாட்களில் பரப்பிப் படித்தால் நன்றாக நிற்கிறது என்பதும் அவர் கண்டதுதான். வாக்கியத்தோடு சேராத வெறும் சொற்பட்டியலும் அந்தப் பொருளில்லா அசைகள் மாதிரிதான். அதனால் இன்று எழுதிய பக்கத்தை நாளைக் காலையில் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை திருப்புங்கள். ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி தாராளம். எதிர்ச்சொற்களை ஒரே நாளில் சேர்த்து எழுத வேண்டாம். 'பாரோ', 'லெண்ட்' இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்கள்தான், கடன் வாங்குவது எது கொடுப்பது எது என்று கடைசிவரை குழம்புகிறார்கள். தமிழில் இரண்டுமே கடன்தான் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஜோடி தெரியாதபோது என்ன செய்வது? ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் ஆகியவை மாணவர்களுக்கென்று நடத்தும் டிக்‌ஷனரிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவற்றில் பொருளைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே சாய்வெழுத்தில் இருக்கும் உதாரண வாக்கியங்களில்தான் ஜோடி ஒளிந்திருக்கும். வினையைத் தேடாதீர்கள், பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். 'போடு' என்று தேடினால் எங்கும் போக முடியாது. 'இன்ஜெக்‌ஷன்' என்று தேடினால் பக்கத்திலேயே 'கிவ்' நின்றுகொண்டிருக்கும்.

அப்புறம் வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரே மூச்சில். 'கெட்... அப்' என்று இடைவெளி விட்டுச் சொன்னால் அது இரண்டு சொல். அவர்கள் பேச்சில் அது 'கெட்டப்' தான். 'பிக் இட் அப்' என்பது 'பிக்கிட்டப்' ஆகிவிடும். நாமும் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'பாத்துட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? ஜோடியாகச் சொல்லிப் பழகியவருக்குத்தான் மற்றவர் பேசும்போதும் அது ஜோடியாகக் காதில் விழும். ஆங்கிலம் வேகமாகப் பேசுகிறார்கள், புரியவில்லை என்ற குறையில் பாதி இதனால்தான் வருகிறது.

போன வாரம் 'போடு' முடிந்து 'பிடி'க்கு வந்தோம். வரும் வழியில் பஸ்ஸில் தாங்கள் கேட்ட தமிழ்ப் பேச்சிலிருந்து ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒருவர் 'சளி பிடிச்சிருக்கு' கொண்டுவந்தார். 'கேட்ச் எ கோல்ட்', பிடித்தல் அங்கேயும் இருந்தது, ஆனால் சளி நம்மைப் பிடிக்கவில்லை, நாம் சளியைப் பிடிக்கிறோம். இன்னொருவர் 'குடை பிடி' கொண்டுவந்தார், 'ஹோல்ட்'. மாத்திரைக் கேள்வி கேட்ட பெண் கடைசியாகக் கேட்டார்: "முன் சீட்ல ஒரு குழந்தை பலூன் வேணும்னு ஒரே அடம் மேம். அடம் பிடிக்கிறதுக்கு என்ன?" ஐந்து பேரும் சேர்ந்து டிக்‌ஷனரியில் தேடினோம். 'டேன்ட்ரம்' என்ற சொல் கிடைத்தது, பக்கத்தில் அதன் வினையும் நின்றது: 'த்ரோ எ டேன்ட்ரம்'. நம் குழந்தை அடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவர்கள் குழந்தை அதைத் தூக்கி எறிகிறது. அந்தப் பெண் அதை நோட்டில் எழுதி, கீழே பலூன் குழந்தையைப் பற்றி ஒரு வாக்கியமும் எழுதிவிட்டு, மணி ஏழரை ஆகிவிட்டதே என்று பஸ் பிடிக்க ஓடினார்.